சூளைக்குள் வைத்த பிள்ளையார்

எழுபதுகளில், உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் சித்திர ஆசிரியை. பாடத்திட்டத்தை மாற்றியவர்கள் மட்பாண்ட வேலையையும் ஒரு பாடமாக்கி அதை என் தலையில் கட்டினார்கள். இரண்டு வாரப் பயிற்சியும் மெல்லிய கைநூல் ஒன்றும் தந்தார்கள். களிமண்ணைத் தொட்ட முதல் நாளே எனக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது.

பெற்றோருக்கு வேறு பைத்தியம். "டொக்டராக்க அனுப்பின பிள்ளைக்குச் சட்டி வனையப் பழக்கிறியளோ, ரீச்சர்?" என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பி நின்று கேட்டார். சபை கைதட்டியது. "உங்கடை மகன் கணக்கிலை எடுக்கிற புள்ளிக்குச் சட்டியாவது மிஞ்சட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த சமயப்பாட ஆசிரியை சேலைத் தலைப்பில் இழுத்து என்னை இருத்திவிட்டார்.

பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர். ஆனால், கடைசியாக யார் கதைத்தாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். "திங்கட்கிழமை வித்தியாதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வாறார். காட்ட உருப்படியா ஏதும் இருந்தால் பாடம் இருக்கும். இல்லையெண்டால் உந்த நேரத்தைக் கணித மாஸ்டருக்குக் குடுக்க வேண்டியதுதான்" என்றார். கணித மாஸ்டர் அன்றைக்கே வந்து என் அறையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மாதமாகப் பிள்ளைகள் செய்து நிழலில் காயவைத்திருந்த பூச்சாடி, விளக்கு, தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணி எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை காலை சூளைக்குள் அடுக்கினோம். கிணற்றடிக்குப் பின்னால் நாங்களே கட்டிய சூளை. நெருப்பு மூட்டப் போகும் நேரம் பார்த்து அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளையார் வைச்சதோ?"

இல்லை என்றேன்.

"பிள்ளையார் இல்லாமல் ஆரும் ஒரு காரியம் தொடங்குவினமோ?" என்றபடி மண்தொட்டிக்குள் கையை விட்டு, ஈரக் களியில் இரண்டு கை அள்ளி, உருட்டிப் பிடித்து, உச்சியில் அறுகம்புல்லும் செருகினார். சூளை வாசலில் வைப்போம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"வெளியிலை இருந்து என்ன செய்யிறது? உள்ளுக்கை இருந்து எல்லாத்தையும் பார்க்கட்டும்" என்று சாடிகளின் நட்ட நடுவில் வைத்தார்.

தொண்டைமானாற்றிலிருந்து வந்து படித்த ஒருத்தி, வகுப்பிலேயே கைராசிக்காரி, என் காதுக்குள் வந்தாள். "ரீச்சர், அது பச்சை ஈரம். மொத்தமான தடிப்பு வேறை. வெடிக்குமெல்லோ?"

வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குப் படிப்பித்தவளே நான்தான். ஆனால் பாடத்தின் உயிர் அந்த மனிதரின் கையில் இருந்தது. "வாயை மூடு" என்றேன். அவள் மூடிக்கொண்டாள். அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பனங்கங்குமட்டை நன்றாகப் பிடித்து எரிந்தது. ஒரு மணித்தியாலம் போயிருக்காது, டமார்! பின்னாலேயே சடசடவென்று சாடிகள் நொறுங்கும் சத்தம். வேலிக்கு அப்பால் ஒரு பெண் "கோயிலிலை என்ன விசேஷம்?" என்று கூவிக் கேட்டாள். கணித மாஸ்டர் தன் வகுப்பை விட்டுவிட்டு முதல் ஆளாக வாசல் படலைக்கு ஓடினார்.

சூளை ஆறிப் பிரித்தபோது பிள்ளையாரைக் காணோம். அவரைச் சுற்றி இருந்தவையும் ஓடுகளாய்க் கிடந்தன. மூலையில் ஒரேயொரு விளக்கு தப்பியிருந்தது, அதுவும் மூக்குடைந்து. சூளையடியில் குந்தியிருந்து அழுதேன். அதிபர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வித்தியாதிகாரி வந்தார். மேசையில் ஓடுகளைத்தான் பரப்பி வைத்தேன். வேறு என்ன இருந்தது?

"ஏன் வெடிச்சது?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

தொண்டைமானாற்றுக்காரிதான் எழும்பினாள். "ஈரம் இருந்தால் சுடேக்கை ஆவியாகும், சேர். மொத்தமான சாமான் எண்டால் ஆவி வர வழியில்லை, உடைச்சுக்கொண்டுதான் வரும். அதாலைதான் உள்ளைக் குடைஞ்சு, நல்லாக் காயவைச்சுச் சுடுறது."

"இவ்வளவும் தெரிஞ்சும் ஆர் ஈரத்தோடை வைச்சது?"

வகுப்பு முழுவதும் நிலத்தைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். பழியை நானே ஏற்பது என்று எழும்பினேன்.

வித்தியாதிகாரிக்குப் பின்னால் நின்ற அதிபர் முந்திக்கொண்டார். "நான்தான் வைச்சனான்."

"நீங்களோ? நீங்கள் விஞ்ஞானப் பட்டதாரியெல்லோ?"

"ஓம்" என்றார் அதிபர். "ஆனால் எங்களை ஆர் மண்ணைத் தொடவிட்டது? உந்த நேரத்தை நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை."