வெள்ளைச் சட்டையில் ஒரு கோடு

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் அரசியல்வாதிகளுக்கு அர்ச்சனைதான். அந்த மனுஷர் ஒரு முன்னாள் எம்.பி.க்குச் சால்வை போட்டே ஆக வேண்டும் என்று அலைந்ததைப் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

அவர் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறார். ஒரகடம் கம்பெனிகளுக்கு வருகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் பிழைப்பு. புது வண்டி வாங்கிய அன்று மாதா கோயிலில் சாமியாரை வைத்து மந்திரித்தோம். அங்கிருந்து நேராகச் சீட் கவர் கடைக்குப் போனோம். இந்தப் பக்கத்து டாக்சிக்காரர்களுக்கு அதுவும் ஒரு சடங்கு. கவர் போடும்போது, பின்சீட்டு பெல்ட் மாட்டுகிற பக்கிள்களை அடியில் தள்ளிவிட்டு மேலே ரெக்சினை இழுத்துப் போர்த்திவிடுவார்கள். உட்காருகிறவர்களுக்குக் குத்தக் கூடாதாம். மூன்று பேர் சீட்டில் நாலு பேரை அடைக்கலாமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வேலை செய்வது கார் சீட்டு செய்கிற கம்பெனியில். பக்கிள் உறுதியாக நிற்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் லைனில் என் வேலை. ஷிப்ட் முழுக்க நான் தோள் வலிக்க இழுத்துப் பார்த்து அனுப்புவதை, இவர் காசு கொடுத்துப் புதைத்துவிட்டு வருகிறார். கேட்டால் ஒரே பதில்.

“பின்னாடி உக்கார்றவனுக்கு எதுக்குமே பெல்ட்டு? அவன் இன்னா வண்டியா ஓட்டறான்?”

யாரோ எவரோ ஏறுகிற வண்டி என்றால் நானும் கத்திவிட்டு விட்டிருப்பேன். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். தண்டலத்தில் காலேஜ். தினமும் காலையில் அப்பா வண்டியில்தான் போவாள். பின்சீட்டில் ஏறியதும் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் போகிற போக்கை நினைத்தால், அவள் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் போடும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம்தான் சட்டத்தை இறுக்கினார்கள். பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டாலும் அபராதம் என்று கெடுபிடி வந்தது. போலீஸ்காரர்கள் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம் பார்க்க வேண்டுமே எங்கள் டாக்சி ஸ்டாண்டை. அத்தனை பேரும் பிளேடும் கையுமாக அவரவர் சீட் கவரைக் கிழித்துப் பக்கிள்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் தோண்டினார். தோண்டத் தோண்ட, டெல்லியில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு ஏழை டிரைவர் வயிற்றில் அடிக்கிறவர்களை வண்டை வண்டையாகத் திட்டினார். பெண் ஒரு பக்கம் துப்பட்டா கசங்குகிறது என்று முனகினாள். தூங்க முடியவில்லை என்றாள். நான் மட்டும்தான் வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

லைனில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். லாக்கரில்தான் கிடக்கும். அதனால் அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் என்னைத் தேடி லைனுக்கே வந்தபோதே கையிலிருந்த பக்கிளைக் கீழே வைத்துவிட்டேன். வண்டி ஒரு கன்டெய்னரின் பின்னால் மோதிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே என் பெண் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செருப்பை எங்கேடி விட்டாய் என்று அத்தனை பேருக்கு நடுவில் அவளைத் திட்டினேன். திட்ட அவள் உயிரோடு இருந்தாள். அந்த நிம்மதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் திரையை இழுத்துவிட்டுக் காட்டினார். இடது தோளிலிருந்து இடுப்புவரை, பெல்ட் அகலத்துக்கு ஒரு கோடு, கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. பெல்ட் இல்லாவிட்டால் முன்கண்ணாடியைத் தாண்டிப் போயிருப்பாள் என்றார்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்மாந் திட்டு திட்டினேன் அந்த ஆளுங்கள. ஒருத்தருக்காவது சால்வை போடணும்மே.”

கட்டுப் பிரித்ததும் அதே வேலையாகத் திரிந்தார். ஸ்டாண்டில் இருந்தவர்களைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று அன்றைக்கு நாடாளுமன்றத்தில் பேசிய முன்னாள் எம்.பி. ஒருவரைத் தேடிப் பிடித்தார். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மண்டபத்தில் விழா ஏற்பாடானது. சால்வை போடுவது எங்கள் பெண் என்று முடிவாயிற்று.

எனக்கு மட்டும் உள்ளே ஒரு உறுத்தல். இந்த அரசியல்வாதிகள் சட்டையைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், வெள்ளை வெளேரென்று இறங்குவார்கள். பெல்ட் போட்டால் அந்தச் சட்டை நிற்குமா? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சட்டை கசங்காமல் வருகிற ஆளாக இருந்தால், என் பெண் கையால் சால்வை கிடையாது, கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். மனுஷருக்கு வியர்த்துவிட்டது. நான் சொன்னால் செய்வேன் என்று தெரியும்.

கார் வந்து மண்டப வாசலில் நின்றது. டிரைவர்கள் பட்டாசு கொளுத்தினார்கள். பின்கதவு திறந்ததும் நானும் இவரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். அவர் குனிந்து எதையோ விடுவித்துவிட்டு இறங்கினார். இடது தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளைச் சட்டை ஒரே கோடாகக் கசங்கியிருந்தது. பக்கத்தில் இவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மேடையில் அவருக்குக் கூச்சமாக இருந்தது போல. என் பெண் சால்வையை விரித்துக்கொண்டு பக்கத்தில் போனபோது, கையால் சட்டையை நீவி நீவி விட்டார்.

“மன்னிச்சுக்கம்மா, வழியில சட்டை கசங்கிடுச்சு.”

“இருக்கட்டும் சார். எனக்கும் அங்கதான் கோடு விழுந்துச்சு.”

அவர் நீவுவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.