தியேட்டர் ‘மூடிக் கிடந்த’ வருடங்கள்

இன்று பகல் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எங்கள் ஊரின் பழைய தியேட்டர்தான் இப்போது ஏசி போட்ட கல்யாண மண்டபம்.

வாசலில் கட்டடத்தின் வரலாற்றை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். முதல் படம் ஓடிய நாள், வாவிக்கு அப்பாலிருந்து தோணியில் வந்த சனம் எல்லாம் அதில் இருக்கிறது. பிறகு ஒரே ஒரு வரி: “சில வருடங்கள் மூடிக் கிடந்தது.”

மூடிக் கிடக்கவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அது இராணுவ முகாம். என் அண்ணனை விசாரணைக்கென்று அந்த வாசலால்தான் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

மண்டப முகாமையாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஓம் அக்கா, எனக்கும் தெரியும். அதை எழுதினா ஆரு இங்க கல்யாணம் வைக்க வருவாங்க?”

“அப்ப அந்த வரியை எடுங்க தம்பி. பொய் எழுத வேணாம்.”

“முதலாளிட்டக் கேக்கணும். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

நான் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் என் கைப்பையில் எப்போதும் மார்க்கர் இருக்கும். அந்த வரிக்கு மேல், கண்ணாடியிலேயே அண்ணனின் முழுப்பெயரை எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

இந்நேரம் துடைத்திருப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்தும் யாரையாவது அந்த வாசலால் கொண்டுபோயிருந்தால், பெயரை இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நாளைக்கு அழியாத மார்க்கர் வாங்கப் போகிறேன்.