ஹெல்மிக்கு ஒரு மரவீடு

போன கிழமை, மெல்பேர்னில் நான் இருக்கிற மல்கிரேவில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் வளவில் நின்ற பைன் மரத்தைத் தறித்தார். பிசின் வாசம் குசினி வரைக்கும் வந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வாசம் வந்தால் எனக்கு இப்பவும் முதுகு வலிக்கும். சிரிக்காதீர்கள், உண்மை.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறுகிற வேலையில் சேர்ந்தேன். பக்கத்து மேசையில் ஆர்வோ. பின்லாந்துக்காரன், என் வயதுதான். அவன் மனைவி ஹெல்மிக்கு இந்த நாடு ஒட்டவில்லை. திரும்பிப் போவோம் என்று ஒவ்வொரு நாளும் கேட்பாளாம். மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் பிறந்தவள் அவள். அதே மாதிரி ஒன்றை இங்கே கட்டிக்கொடுத்தால் நின்றுவிடுவாள் என்று ஆர்வோ நம்பினான். நகரத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கினான்.

"சனிக்கிழமை வாறியா? மரம் தூக்க ஒரு ஆள் வேணும்" என்று கேட்டான். கோடரியை எந்தப் பக்கம் பிடிக்கிறது என்றுகூடத் தெரியாத நான், பெரிய கெட்டிக்காரன் மாதிரிச் சரி என்றேன்.

இரண்டு குளிர்காலம் போனது. அங்கே மின்சாரம் இல்லை. கோடரி, மரம் செதுக்குகிற வாய்ச்சி, உளி, இவ்வளவுதான். பச்சைப் பைன் மரத்தின் பட்டையை உரித்து, கயிறு கட்டி, சாய்த்து வைத்த கட்டைகளின் மேல் உருட்டி ஏற்றுவோம். மேல்மரம் கீழ்மரத்தின் மேடுபள்ளத்தில் அச்சொட்டாய் இருக்கவேண்டும். ஒரே மரத்தை நாலைந்து தரம் ஏற்றி இறக்கிச் செதுக்குவான். இடுக்குகளில் பாசி அடைப்பது அவர்கள் வழக்கம். நாங்கள் செம்மறி ஆட்டு மயிரை அடைத்தோம். கதவுக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டான். மரம் காயக் காயச் சுவர் கீழே இறங்குமாம். எனக்கு அது விளங்க ஒரு கிழமை எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்ப முடியாமல் கிடப்பேன். என் மனைவி பத்மா நல்லெண்ணெய் போட்டு முதுகைத் தேய்ப்பாள். அப்போது அவள் இங்கே வந்து எட்டு மாதம். எங்கள் தெருவில் அவளோடு தமிழ் கதைக்க ஒருவரும் இல்லை.

"ஆற்றையோ பெண்சாதிக்கு மனம் சரியில்லை எண்டு வீடு கட்டப் போறியள். நான் இஞ்ச ஆரோட இருக்கிறன்?" என்றாள் ஒருநாள், தேய்த்தபடியே.

"கூரை மட்டும்தான் மிச்சம்" என்றேன். கூரை அடுத்த குளிர்காலம் வரை இழுத்தது.

வீடு முடிந்த அன்று ஹெல்மி வந்தாள். அறை அறையாக நடந்தாள். சுவரில் கன்னத்தை வைத்துக் கனநேரம் நின்றாள். பிறகு யன்னலடிக்குப் போனாள். வெளியே யூகலிப்டஸ் மரங்கள்.

"நல்ல வீடு, ஆர்வோ. ஆனா நான் போகத்தான் வேணும்."

அவன் வாய்ச்சியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்தில் இருவரும் பின்லாந்துக்குப் போய்விட்டார்கள்.

ஹெல்மி வீடு பார்த்த அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து நடந்ததைப் பத்மாவிடம் சொன்னேன்.

"அவவாவது வாய் திறந்து சொன்னா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காணியை வாங்கியவர்கள் அந்த வீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள். ஆர்வோவின் கடிதங்களும் ஒரு கட்டத்தில் நின்றுபோயின. பத்மா கண்ணை மூடி நாலு வருடம். அந்தச் சனிக்கிழமைகளில் அவள் தனிய இருந்து என்ன செய்தாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.