என் பக்கம் ஒரு படி இருக்கு

தெருவில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். கறுப்புக் கோட்டுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; அவள் நடத்துவது கண்ணாடிக் கடை. அளவெடுப்பது அவள். அறுப்பதும் பொருத்துவதும் அவளுடைய தம்பி. கடையில் எது உடைந்தாலும், எது தாமதமானாலும், பொருளைப் பார்ப்பதற்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுவாள். யார் வைத்தது, ஏன் அங்கே வைத்தது, போன மாதமும் இப்படித்தானே என்று போகும். தீர்ப்பையும் அவளே சொல்லிவிடுவாள். குற்றவாளி பெரும்பாலும் தம்பிதான். கடையில் வேறு ஆள் இல்லையே.

கணவர் போன பிறகு தனியாளாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவள் அவள். அவள் எடுத்த அளவு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது என்று கட்டட மேஸ்திரிகள் சொல்வார்கள். அந்தப் பெயர்தான் அவளுடைய சொத்து. அதில் யாரும் கை வைக்க முடியாது. தம்பி நாளடைவில் "சரிக்கா" என்ற ஒரே சொல்லில் வந்து நின்றான். அவள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு பல் மருத்துவமனைக்கு வாசல் கதவு செய்யும்போதுதான் வினை வந்தது. அது சூளையில் வைத்துக் கடினமாக்கிய கண்ணாடி. சூளைக்குப் போய் வந்துவிட்டால் அதை அறுக்கவும் முடியாது, ஓரத்தை இழைக்கவும் முடியாது. அளவெடுத்த அன்று ஏணி கிடைக்கவில்லை. வாசலின் அகலத்தைக் கீழேயும் நடுவிலும் அளந்தவள், மேலேயும் அவ்வளவுதானே என்று விட்டுவிட்டாள். கதவு வந்தது. வாசல் மேலே குறுகியிருந்ததால் அங்கே முட்டிக்கொண்டு நின்றது.

டாக்டர் எதிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், கண்ணாடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தாள்.

"மேல குறுகுதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. "தெரிஞ்சுமா வாயத் திறக்கல?"

"திறந்தா, என் அளவுலயே குத்தம் கண்டுபிடிக்கிறியான்னு கேப்ப. அதுக்குக் கண்ணாடி போனாலும் பரவால்லன்னு இருந்துட்டேன்."

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, ஒரு பெரிய கம்பெனியில் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகவும், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது பயம். கடையை நினைத்து வந்த பயம் கொஞ்சம்தான். இவன் இல்லாத காலை நேரத்தை நினைத்து வந்ததுதான் அதிகம்.

கடைக்கு வந்ததும் அந்த உதவாக் கண்ணாடியை இருவரும் பின்கட்டுக்குத் தூக்கினார்கள். முகம் கொடுத்துப் பேசும் நிலையில் இருவரும் இல்லை. ஆனால் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

"என் பக்கம் ஒரு படி இருக்கு" என்றான் தம்பி.

"எனக்குக் கை வழுக்குது. கொஞ்சம் நில்லு."

"நின்னுட்டேன். மாத்திப் பிடிச்சுக்க."

கண்ணாடியைச் சுவரில் சாய்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் கண்ணாடி கையில் இருக்கும்போது, ஒழுங்காகப் பிடி என்று ஒருவரை ஒருவர் அதட்டியதே இல்லை. அவரவர் பக்கத்தில் என்ன இருக்கிறது, அவரவருக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. கோர்ட்டெல்லாம் கண்ணாடியை இறக்கி வைத்த பிறகுதான் கூடுகிறது.

மறுநாளிலிருந்து கடையிலும் அப்படியே பேச முயன்று பார்த்தாள். லேசில் வரவில்லை. 'நீ ஏன்' என்பது நுனி நாக்குவரை வரும்; இருமி விழுங்குவாள். அவன் தாமதமாக வந்த அன்று, "கடை திறந்ததும் ஆள் வந்துட்டாங்க, தனியா ரொம்பத் திணறிட்டேன். நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா?" என்றாள். அவன் அருகில் வந்து, "காய்ச்சலாக்கா?" என்றான். இன்னொரு நாள் கண்ணாடி அறுக்கும் வைரமுனையைக் காணோம் என்று பழைய குரலில் கத்திவிட்டு, அதைத் தன் பையிலிருந்தே எடுத்தாள். சிரிப்பை அடக்க அவன் கடைக்கு வெளியே போக வேண்டியிருந்தது.

அன்றுதான் மனதைத் திறந்து சொன்னாள்.

"மேல அளக்காம விட்டது நான்தான். அளவப் பத்தி யாராவது பேசினா உள்ளுக்குள்ள நடுங்குது, அதான் கத்திடறேன். நீ போறதுன்னா போ, தடுக்கல. இருக்கற வரைக்கும், உன் கண்ணுல பட்டத என்கிட்ட சொல்லுடா."

"பார்க்கலாம்க்கா" என்றான். அது வழக்கமான "சரிக்கா" இல்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை ஒரு துணிக்கடையில் ஷோகேஸ் வேலை. அவள் அளவைச் சொல்ல, அவன் தன் டேப்பில் சரிபார்த்துவிட்டு நின்றான். கடை முதலாளி பக்கத்தில்தான் இருந்தார்.

"அக்கா, எனக்கு வேற அளவு வருது. நீ சொன்னது தப்புன்னு தோணுது."

அவளுக்குக் காது சூடேறியது. முதலாளி அவளையே பார்த்தார். "சரி, திரும்ப அளப்போம்" என்று ஏணியில் ஏறினாள். மேலே, நடுவில், கீழே. அவள் சொன்னதுதான் சரி. அவனுடைய டேப்பின் நுனிக் கொக்கி வளைந்து, அளவு மாறியிருந்தது. பழைய வக்கீலம்மாவாக இருந்தால் ஒரு வாரத்துக்கு இதை வைத்தே வழக்கு நடத்தியிருப்பாள்.

"உன் டேப்புல கொக்கி வளைஞ்சிருக்கு. இந்தா, என்னோடத வச்சுக்க. சந்தேகம் வந்ததும் நிறுத்தின பாரு, எனக்கு நிம்மதியா இருக்கு. இனிமேலும் நிறுத்து."

அவன் டேப்பை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். கொஞ்ச நேரம் போனில் பேசிவிட்டு வந்தான். யாரிடம் என்று அவள் கேட்கவில்லை.

"அந்தக் கம்பெனிக்கு வரலன்னு சொல்லிட்டேன்க்கா."

அவள் சுவர் பக்கம் திரும்பி, பென்சிலால் அளவைக் குறிக்கத் தொடங்கினாள். தன் அளவு சரியாக இருந்ததில் அவளுக்கு அன்று பெரிய பெருமை இல்லை. அது தப்பென்று தம்பி நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொன்னானே, அதில்தான் இருந்தது.