கவுன்சிலர் காதில் கருவி

என் அக்கா வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் வார்டு கவுன்சிலரும் அவரே. மாமாவுக்குக் காது மந்தம். வெளியே தெரிந்தால் பதவி போய்விடும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். “செவிட்டு ஆளுக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்?” என்பார் என்னிடம்.

யாராவது புகார் சொல்ல வந்தால் பாதிதான் காதில் விழும். உடனே மனிதர் எழுந்துவிடுவார். “வாங்க, நேர்ல பாத்துடலாம்.” போய் நின்றால் அடைத்த சாக்கடையும் எரியாத விளக்கும் கண்ணுக்கே தெரியும், காது எதற்கு? மற்ற கவுன்சிலர்கள் நாற்காலியை விட்டு அசையாத ஊரில் இவருக்கு நல்ல பெயர் வராமல் என்ன செய்யும்!

தேர்தல் நெருங்கும் சமயத்தில் மாமாவின் மகள் ஒரு காதுக் கருவி வாங்கிவந்தாள். பட்டாணி அளவுதான், முடிக்குள் மறைந்துவிடும். மாட்டியதும் மாமா முதலில் கேட்டது அக்காவின் முணுமுணுப்பை.

“அடிப்பாவி, இத்தனை வருஷமா இப்படியா திட்டிட்டிருந்தே?”

“இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான்,” என்றாள் அக்கா.

அதன்பிறகு மாமா கடையில் உட்கார்ந்தபடியே புகாரைக் கேட்டார், போனில் அதிகாரியைப் பிடித்தார், காரியத்தை முடித்தார். முன்பைவிடச் சீக்கிரமாகவே வேலை நடந்தது. ஜனங்களுக்குத்தான் முகம் சுருங்கியது. “பெரிய மனுஷன் ஆயிட்டாரு, தெருப்பக்கமே வர்றதில்ல” என்ற பேச்சும் கருவி வழியாகவே வந்து சேர்ந்தது. மாமா அக்காவிடம் வந்து புலம்பினார்.

“காதுல மாட்டினா கால் நடக்காதுன்னு டாக்டர் சொன்னாரா? எழுந்து போங்க,” என்று அக்கா விரட்டினாள்.

நானும் கூடப் போனேன். தையல்காரம்மா வீட்டு வாசலில் குழாய் வறண்டு கிடந்தது. கதவைத் தட்டப் போனபோது, உள்ளே அந்தம்மா மருமகளிடம் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

“கவுன்சிலர் வந்தா முகத்தைப் பாத்துச் சத்தமாப் பேசு. அவருக்குக் காது கேக்காது. நமக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதே, பாவம், சங்கடப்படுவாரு. இந்தத் தெருவே அப்படித்தான் சமாளிக்குது.”

மாமா ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டார்.

கதவு திறந்தது. மருமகள் குழாயைக் காட்டி, வாயை அகலத் திறந்து, “தண்ணி! வரல!” என்று கத்தினாள்.

“மெதுவாவே சொல்லும்மா,” என்றார் மாமா, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டியபடி. கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. “மெஷின் வெச்சிருக்கேன், நல்லாக் கேக்குது. ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லிடு.”