வானத்தில் ஒரு கைரேகை

காலை ஐந்தே முக்காலுக்கு முதலில் கண்ணில் பட்டது மூடுபனிக்குள் மலையிறங்கும் பஸ்ஸின் மஞ்சள் விளக்கு. என் கையில் முந்தின நாள் வரைந்து முடித்த ஏற்காட்டுப் படம். சாரலில் வாட்டர் கலர் காயவே இல்லை. மறுநாள் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்க்கைக்குக் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண்.

“பானெட் மேல வை கண்ணு, இன்ஜின் சூட்டுல காஞ்சிரும்” என்றார் டிரைவர். வளைவுகளில் அது சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

“ஏனுங்க, படம் போனா வேற வரையலாம். நாங்க போனா?” என்று ஒரு அம்மா கத்தினார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடிவாரத்தில் படம் காய்ந்திருந்தது. ஆனால் படத்து வானத்தில் டிரைவரின் கட்டைவிரல் கிரீஸ் ரேகை. நன்றிகூடச் சொல்லாமல் இறங்கினேன்.

கல்லூரியில், வானம் அழுக்காக இருக்கிறது, அதை மறைத்துத் தீட்டினால்தான் வாங்குவோம் என்றார்கள். தூரிகையை நனைத்தேன். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். மறைக்க முடியவில்லை.

அந்த வருடம் போயிற்று.