மூன்று கட்டையில் ஒரு குரல்

நான் வேதியியல் ஆசிரியை. சிறுமியாக இருந்தபோது எங்கள் சௌராஷ்டிரத் தெருவின் பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். இசையோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் அலங்காநல்லூர் பக்கத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஆண்டு விழாவுக்கு ஓர் இசை நாடகம் போட வேண்டும் என்று தலைமையாசிரியை ஆசைப்பட்டார். ஆர்மோனியம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

கதையையும் பாட்டையும் நானே எழுதினேன். மழை பொய்த்த ஊரிலிருந்து ஒரு பெண் மழையைத் தேடிப் புறப்படுகிறாள். காற்றிடம் வழி கேட்கிறாள், மலையிடம் கேட்கிறாள். அந்தப் பெண்ணாகப் பாட யாரும் சரிப்படவில்லை. எல்லோரும் டிவியில் கேட்ட மாதிரி குழைந்து குழைந்து பாடினார்கள். கடைசியில் பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒருத்தியைத் தோழிகள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கு ஆம்பளக் குரல் டீச்சர். வேணாம்," என்றாள்.

நான் ஐந்து கட்டையில் பிடித்திருந்த சுருதியை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தேன். மூன்றில் வந்து நின்றபோது அவள் வாயைத் திறந்தாள். பெண்பிள்ளைகளின் பாட்டுக்கு அது மிகவும் தாழ்ந்த சுருதி. கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நனைந்த மண்ணைப் போலக் கனமான குரல். அவளுக்கு மூச்சு பத்தாது. 'எந்தத் திக்குல நிக்கிற மழையே, எங்க கண்மாய மறந்தியோ' என்ற வரியில், கண்மாய்க்குப் பிறகு நிறுத்தி ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். அதன்பின் 'மறந்தியோ' என்பது பாட்டாக இல்லாமல், எதிரில் நிற்கிற ஒருவரிடம் கேட்பது போல வரும். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அவளுடைய நெருங்கிய தோழி காற்றாக நடித்தாள். அவளுக்கு நேர்மாறான குரல்: மெல்லியது, உச்சத்தில் சுலபமாக நிற்பது. ஒத்திகை முழுவதும் இருவரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கார்த்திகை மாத அடைமழையில், மழையைத் தேடுகிற பெண்ணாகப் பாடியவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் உள்ளூரில் ஊசி போட்டார்கள். பிறகு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் அவள் வீட்டு வாசலில் நின்றோம். அப்பா வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே யாரு அந்தப் பாட்டப் பாடுவா?" என்று அழுதார்கள். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவர்களை விழித்துப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போது எனக்கு அதன் காரணம் விளங்கவில்லை.

அதன்பின் வகுப்பில் வருகை எடுக்கும்போது, அவள் இருந்த இடத்தைத் தாண்டி அடுத்த பெயரைச் சொல்வதற்குள் பிள்ளைகள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நானும்தான். நாடகத்தை விட்டுவிடலாம் என்றார் தலைமையாசிரியை. காற்றாக நடித்த பிள்ளைதான் என்னைத் தேடி ஆய்வகத்துக்கு வந்தாள்.

"நான் பாடுறேன் டீச்சர். எனக்கு எல்லாம் தெரியும்."

மறுநாள் மதியம் ஒத்திகை. பழக்கத்தில் என் கை மூன்று கட்டையிலேயே சுருதியைப் பிடித்துவிட்டது. மாற்றுவதற்குள் அவள் பாடத் தொடங்கிவிட்டாள். நான் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தேன். 'எங்க கண்மாய' என்ற இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வேறு முகம், அதே குரல். இந்தப் பிள்ளைக்கு அங்கே மூச்சு வாங்கவேண்டிய தேவையே கிடையாது. பின்வரிசையில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். ஒருவரும் 'நிறுத்து' என்று சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும் அந்த அம்மா வந்தார். அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம் உண்டு. காலையில் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். சேலையில் வாசனை இருந்தது.

"வீட்ல அவ பாடுனதே இல்ல டீச்சர். எம்மகளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பிள்ளைக சொல்லித்தான் தெரியும். உங்க போன்ல எதும் பிடிச்சு வச்சிருக்கீகளா?"

என்னிடம் இல்லை. பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. எனக்குப் பதிவு செய்கிற பழக்கமும் இல்லை. யாரிடமும் ஒரு வரிகூட இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து பாட்டு கேட்டது. அந்த அம்மா திரும்பினார்.

"இப்பிடித்தான் பாடுவாளா?"

"இப்படியேதான்," என்றேன்.

அவர் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பார்க்கவில்லை. முகத்தை மைதானத்தின் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். அதன்பின் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்தார். எப்போதும் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பாடுகிற முகத்தைப் பார்த்தால் மகள் போய்விடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் காலையிலிருந்தே அந்த மதிய வேளைக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். கண்மாய்க்குப் பிறகு வரும் அந்த மூச்சு, அந்தக் கேள்வி, அது முடிந்ததும் வருகிற மௌனம். இல்லாத ஒருத்தியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தினமும் வரவழைத்துக்கொண்டிருந்தோம்.

வரவழைக்கப்பட்டது யார் தொண்டையில் என்பதை அந்தப் பிள்ளையே வந்து சொல்லவேண்டியிருந்தது. ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், குடுவைகளைக் கழுவி வைக்கிற சாக்கில் ஆய்வகத்தில் தங்கிவிட்டாள்.

"டீச்சர், நேத்து கோயில்ல என்னையப் பாடச் சொன்னாக. வேற பாட்டுதான். அதுவும் அவ குரல்லதான் வருது. என் குரல்ல எப்பிடிப் பாடுவேன்னு எனக்கு மறந்துபோச்சு."

கை நழுவி ஒரு குடுவை தொட்டியில் விழுந்து உடைந்தது. கண்ணாடித் துண்டுகளை நான் பொறுக்கினேன்.

"இப்படிப் பாடுறது உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அந்த அம்மாவுக்காகத்தான். நான் நிறுத்திட்டா அவ முழுசாப் போயிருவால்ல?"

வீட்டுக்குப் போகும் பேருந்தில், அந்தத் தாயின் முதுகும் உடைந்த குடுவையும் மாறி மாறிக் கண்முன் வந்தன. காலையில் முடிவு செய்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் அவளிடம், "இன்னைக்கு அஞ்சு கட்டையில வாசிக்கப்போறேன். அது உன் சுருதி. நீ பாட்டுக்குப் பாடு," என்றேன். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மைதானம் நிறைய பெற்றோர்கள். அந்த அம்மா முன்வரிசையில், முதல்முறையாக மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஐந்து கட்டையைப் பிடித்தேன். முதல் வரியில் அவள் குரல் தடுமாறி இறங்கப் பார்த்தது. ஆர்மோனியத்தை அழுத்தி வாசித்தேன். 'எங்க கண்மாய மறந்தியோ' என்று ஒரே மூச்சில், மெல்லிய உயர்ந்த குரலில், இடைவெளி இல்லாமல் பாடி முடித்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டல் பலமாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"இன்னைக்கு அவ வரல, டீச்சர்."

"ஆமாம்மா. நான்தான் சுருதிய மாத்தினேன். அந்தப் பிள்ளையால முடியல."

அவர் நாற்காலிகளை அடுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடையோரம் ஒப்பனை கலையாமல் நின்றவளிடம் போனார். அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"பயப்படாத தாயி. உன் குரலும் நல்லாத்தான் இருக்கு," என்றார். அவள் கன்னத்துப் பவுடரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அப்போதுதான் அவள் முகத்தை அவர் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பாமல் வாசலைப் பார்த்துப் போய்விட்டார்.

என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து, அக்கா மகள் வளைகாப்புக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். மல்லிகைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். கூடவே அந்தப் பிள்ளையும், கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, சாக்கை விரித்துப் பிடித்திருந்தாள்.

"லீவு நாள்ல வாரா," என்றார் அந்த அம்மா. "பூ எடுக்க ஒத்தாசையா இருக்கா."

"பாடுறாளா?"

"நான் கேக்குறதில்ல டீச்சர். அவளும் பாடுறதில்ல. சும்மா பேசிக்கிட்டே இருப்பா, எம்மக பள்ளிக்கூடத்துல என்ன சேட்ட பண்ணுனான்னு. எனக்குத் தெரியாதது இம்புட்டு இருக்கு."

கேட்காமலே எனக்கு ஒரு பை நிறையப் பூவை அள்ளிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை சிரித்து, "போயிட்டு வாங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு, காலிச் சாக்கை உதறி மடிக்கத் தொடங்கினாள்.